அலாட்மென்ட் எலிகளும் ஆக்ஸ்போர்டு கோதுமையும்

"இங்கிலாந்தில் எங்க நின்னாலும் ஆறடிக்குள்ள ஒரு எலி இருக்கும்." இந்த ஊருக்குப் புதுசா வர்றவங்ககிட்ட யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாம விடமாட்டாங்க. சொல்லிட்டு நம்ம முகத்தை வேற பார்ப்பாங்க, பயந்தோமா இல்லையான்னு. மெட்ராஸ்ல பெருச்சாளி பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? ஆனா இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததுன்னு தோண்டிப் பார்த்தா சுவாரசியமா இருக்கு.

1909-ல் போல்ட்டர் என்பவர் எலித் தொல்லையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாட்டில் மொத்தம் எத்தனை எலின்னு சொல்லியாகணுமே? கிராமத்து ஆட்களிடம் போய், "ஏக்கருக்கு ஒரு எலின்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பிரிட்டனில் அப்போது சாகுபடி நிலம் சுமார் 4 கோடி ஏக்கர். ஆக, 4 கோடி எலி. முடிஞ்சது கணக்கு. தற்செயலாக மக்கள்தொகையும் அப்போது கிட்டத்தட்ட 4 கோடிதான். உடனே "ஆளுக்கொரு எலி" என்று ஆகிவிட்டது. அதற்குக் கை கால் முளைத்து ஆறடிக்கு வந்து நிற்கிறது. 2012-ல் அரசு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் கோவன் கொஞ்சம் ஒழுங்காகக் கணக்குப் போட்டு, மொத்தம் ஒரு கோடி சொச்சம் எலிதான் இருக்கும், நகரத்தில் சராசரியாக 164 அடி தூரத்தில்தான் இருக்கும் என்றார். யார் கேட்கிறார்கள்? ஆறடிதான் நிற்கிறது. :-)

ஆனா ஒரு இடத்தில் மட்டும் அந்த ஆறடிக் கணக்கை நான் நம்புவேன். அது அலாட்மென்ட். எனக்கும் அங்கே ஒரு தோட்டம் இருப்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

அலாட்மென்ட்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: வீட்டோடு தோட்டம் இல்லாதவர்கள் காய்கறி போட்டுக்கொள்ள நகராட்சி வாடகைக்கு விடும் சின்ன நிலம். அளவு இன்னமும் பழைய கணக்குதான், 10 ரோடு. கிட்டத்தட்ட 250 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல், ஆறேகால் சென்ட். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஐம்பது அறுபது தோட்டம் வரிசையாக இருக்கும். பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் வருஷக்கணக்கில் நீளும். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி வந்த உடனே பேரைப் போட்டு வைக்க வேண்டும்.

இதன் பின்னணி அவ்வளவு இனிப்பானது இல்லை. 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, ஊருக்குப் பொதுவாக இருந்த நிலத்தை வேலி கட்டித் தனியார் கையில் கொடுத்தார்கள். மொத்தம் 68 லட்சம் ஏக்கர். மாடு மேய்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்தவன் நடுத்தெருவுக்கு வந்தான். அவன் உருளைக்கிழங்காவது போட்டுக்கொள்ளட்டும் என்று ஓரத்தில் கிள்ளிக் கொடுத்த துணுக்குதான் அலாட்மென்ட். ஏழைகள் கேட்டால் உள்ளாட்சிகள் நிலம் தேடிக் கொடுத்தாக வேண்டும் என்பதை 1908-ஆம் வருடச் சட்டம் உறுதி செய்தது.

இப்ப எலி. தோட்டத்துக்கு வருவது பழுப்பு எலி. இதற்கு அறிவியல் பெயரில் 'நார்வே' ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் நார்வேக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; ஆசியாவிலிருந்து கிளம்பி 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பிரிட்டனுக்கு வந்த ஜாதி. அதே சமயத்தில்தான் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து புது ராஜவம்சமும் வந்து இறங்கியது. ராஜாவைப் பிடிக்காதவர்கள் எலிக்கு 'ஹானோவர் எலி' என்று பேர் வைத்தார்கள். அரசியல் நக்கல் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

ஒரு எலிக்கு என்ன வேண்டும்? சாப்பாடு, தண்ணீர், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு பொந்து. அலாட்மென்டில் மூன்றும் உண்டு. பலகைத் தரை போட்ட ஷெட், அதன் அடியில் சாண் அளவு இடைவெளி. குளிர்காலத்திலும் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் கம்போஸ்ட் தொட்டி. மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாய். சோளக்கதிர் பால் பிடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்து, நாம் பறிக்க நினைத்த நாளுக்கு முந்தின ராத்திரி தண்டில் ஏறிக் காலி செய்துவிடும். பீட்ரூட்டை மேலிருந்து குடைந்து கிண்ணம் மாதிரி விட்டுவிட்டுப் போகும். பூசணியில் விதை மட்டும் போதும் அதற்கு. இதைவிடப் பெரிய விஷயம், அதன் மூத்திரத்தில் வரும் எலிக்காய்ச்சல். கையில் வெட்டுக்காயத்தோடு கையுறை இல்லாமல் தோட்ட வேலை செய்யாதீர்கள் என்று இங்கே எச்சரிப்பது அதனால்தான்.

முதல் உலகப்போரில் உணவுக் கப்பல்களை ஜெர்மன்காரர்கள் மூழ்கடிக்க ஆரம்பித்ததும், கிடைத்த இடமெல்லாம் தோட்டமாகியது. அலாட்மென்ட் எண்ணிக்கை போர் முடிவதற்குள் 15 லட்சத்தை நெருங்கியது. கூடவே எலியும். 1917-ல் ஊர் ஊராக 'எலி, குருவி சங்கங்கள்' ஆரம்பிக்கச் சொன்னது அரசாங்கம். ஒரு டஜன் எலிவாலுக்கு ஒரு ஷில்லிங். (வாலுக்குக் காசு கொடுக்கும் யோசனையை 1902-ல் ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் செய்து பார்த்தாயிற்று. கொஞ்ச நாளில் ஊரில் வாலில்லா எலிகள் ஓட ஆரம்பித்தன. வாலை வெட்டிவிட்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள் மக்கள்.) 1919-ல் தனிச்சட்டமே வந்தது: உன் இடத்தில் எலி இருந்தால் அதை ஒழிப்பது உன் பொறுப்பு. அப்புறம் வருஷா வருஷம் நவம்பரில் 'எலி வாரம்'. போஸ்டர், சொற்பொழிவு, நாய், தடி, விஷம். ஒரு வாரம் அடிப்பார்கள். 51 வாரம் எலி மறுபடி பெருகும்.

பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஏழெட்டு. அந்தக் குட்டிகள் மூன்று மாதத்தில் பெற்றோர் ஆகிவிடும். பாதி எலியைக் கொன்றால் மீதிப் பாதிக்கு இரட்டைச் சாப்பாடு, இரட்டை இடம். இது ஒழிப்பு இல்லை, அறுவடை. இதை உரக்கச் சொன்னவர் சார்லஸ் எல்டன். விலங்குச் சூழலியலின் தகப்பனார் மாதிரி. 1927-லேயே அந்தத் துறைக்குப் பாடநூல் எழுதியவர். 1932-ல் ஆக்ஸ்போர்டில் விலங்குத் தொகை ஆய்வகம் என்று ஒன்றை ஆரம்பித்து, வயல் எலியும் லெம்மிங்கும் ஏன் சில வருஷம் பெருகி சில வருஷம் சரிகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் பிரயோசனமில்லாத ஆராய்ச்சி என்று நினைத்திருப்பார்கள்.

1939-ல் போர் வந்தது. எல்டன் தன் மொத்தக் குழுவையும் எலி, சுண்டெலி, முயல் பக்கம் திருப்பினார். நாட்டின் தானியக் கையிருப்பைக் காப்பாற்ற வேண்டும். "வெற்றிக்காகத் தோண்டு" என்ற முழக்கத்தில் மறுபடி தோட்டங்கள் 14 லட்சம் ஆயின. லண்டன் கோபுரத்தின் அகழியில்கூட காய்கறி போட்டார்கள். வீட்டுக்கு வீடு கோழி, தெருவுக்குத் தெரு பன்றி வளர்க்கும் சங்கம், அந்தப் பன்றிக்காகத் தெரு முனையில் மிச்சச் சாப்பாட்டுத் தொட்டி. அந்த எச்சிலை வேகவைத்துக் களியாக்கி விற்றதற்கு 'டாட்டன்ஹாம் புட்டிங்' என்று பேர். எலிக்கு இதைவிட நல்ல காலம் வந்திருக்கவே முடியாது.

அந்தக் குழுவில் டென்னிஸ் சிட்டி (எந்திரன் சிட்டி இல்லீங்க) என்று ஒரு இளைஞர். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான். விஷத்தை எடுப்பதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு மருந்து வேலை செய்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? செத்த எலியை எண்ணுவது உதவாது. பாதி பொந்துக்குள் போய்ச் செத்துவிடும். அப்படியே எண்ணினாலும் எத்தனை பாக்கி இருக்கிறது என்று தெரியாது. போல்ட்டர் மாதிரி கிராமத்து ஆளைக் கேட்கவும் முடியாது.

சிட்டி குழு செய்தது ரொம்ப எளிமையான காரியம். விஷமில்லாத வெறும் கோதுமையை அளந்து வைத்தார்கள். காலையில் மிச்சத்தை நிறுத்துப் பார்த்தார்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு எலி. ஒரு எலி நாளைக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25, 30 கிராம் தின்னும். விஷம் வைப்பதற்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. வித்தியாசத்தைப் பார்த்தால் எத்தனை சதவீதம் ஒழிந்தது என்று தெரிந்துவிடும். ஒரு தராசும் கோதுமை மூட்டையும்தான் ஆயுதம்.

நிறுக்க ஆரம்பித்ததும் வேறொன்று கண்ணில் பட்டது. கோதுமை வைத்த முதல் நாள் ராத்திரி எலி கிட்டத்தட்ட எதுவும் தொடவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம். மூன்று, நான்கு என்று ஏறி, சில நாளில்தான் முழுசாகச் சாப்பிட ஆரம்பித்தது. சாப்பாடு பிடிக்காமல் இல்லை. தன் வழியில் நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது, அவ்வளவுதான் சந்தேகம். பழகின பாதையில் புதுசாக ஒரு செங்கல் வைத்தால்கூட சுற்றிக்கொண்டு போகும். (எதுவும் தினம் தினம் மாறிக்கொண்டே இருக்கும் குப்பைமேட்டில் வளர்ந்த எலிக்கு இந்தப் பயம் குறைவு. அது வேற டிபார்ட்மென்ட்.)

அப்போ விஷத்தை முதல் நாளே வைத்தால் என்ன ஆகும்? எலி சும்மா ஒரு கடி கடித்துப் பார்க்கும். அன்றைக்கு இருந்த விஷங்கள், ஜிங்க் பாஸ்பைடு, ஆர்செனிக், இதெல்லாம் சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். அரைகுறை அளவு உள்ளே போனால் வயிற்றைப் புரட்டும், சாகாது. பிழைத்த எலி அந்த உணவை அதன் பிறகு தொடவே தொடாது. எலி வாரத்தில் நாடு முழுக்க வருஷா வருஷம் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பிழைத்த எலிகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள், பாவம்.

சிட்டி குழு சொன்ன வழி: ஒரு வாரம் போல வெறும் கோதுமை வை. தினம் நிறுத்துப் பார். தின்னும் அளவு ஏறி நிலையாக நிற்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இரு. அப்புறம் அதே இடத்தில், அதே கோதுமையில், ஒரே ஒரு ராத்திரி விஷம். அதுவும் ஒரு மூலையில் மட்டும் வைத்தால் ஆகாது. அந்தப் பண்ணை முழுக்க, அந்தத் தெரு முழுக்க ஒரே நாளில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து குடிவந்துவிடும்.

(நம்ம ஊர் வேளாண் அலுவலர்கள் ஜிங்க் பாஸ்பைடு கொடுக்கும்போது, முதலில் இரண்டு மூன்று நாள் வெறும் பொரியோ அரிசியோ வை, பிறகு 49 பங்குக்கு 1 பங்கு மருந்து கல என்று சொல்வார்கள். இதே தத்துவம்தான்.)

அன்றைய விஷங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போக மனசில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் விளையும் ஒரு காட்டு வெங்காயம். நம்ம சித்த வைத்தியத்தில் வரும் நரிவெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதைத் தின்றால் நாயோ பூனையோ வாந்தி எடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. செத்துப்போகும். கோழியும் நாயும் பூனையும் திரியும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடையாது.

இந்த வேலையைக் களத்தில் செய்தவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். போர்க்கால விவசாயப் பெண்கள் படையில் ஆயிரம் பேருக்கு மேல் எலிப்பிடிக்கும் பிரிவில் இருந்தார்கள். பதினெட்டு, இருபது வயசு நகரத்துப் பெண்கள், அதுவரை கடையிலோ ஆபீசிலோ வேலை பார்த்தவர்கள். தானியப் போர் அடிக்கும்போது சுற்றி வலை கட்டி நிற்பதிலிருந்து, பொந்து பொந்தாக இரை வைத்து நிறுத்துக் குறித்துக்கொள்வது வரை எல்லாம் செய்திருக்கிறார்கள்.

போர் முடிந்தது. 1949-ல் புதுச்சட்டம்: எலி மிகுதியாக இருந்தால் நிலத்தை வைத்திருப்பவர் நகராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஊரை எலியில்லாமல் வைத்திருப்பது நகராட்சியின் கடமை. அடுத்த வருஷமே இன்னொரு சட்டம், அலாட்மென்டில் கோழியும் முயலும் வளர்க்கலாம் என்று உரிமை கொடுத்தது. ஒரு கையால் எலியைத் துரத்தி, இன்னொரு கையால் தீவனம் போட்டிருக்கிறார்கள்! அந்தக் கோழி உரிமை இன்றும் செல்லும்.

சிட்டியும் சகாக்களும் தங்கள் போர்க்கால ஆராய்ச்சியை மூன்று பெரிய தொகுதிகளாக 1954-ல் வெளியிட்டார்கள். அதற்குள் அதைப் படிக்கும் தேவையே போய்விட்டது. ஒரு மாடு கெடுத்தது காரியத்தை.

1933 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வண்டியில் செத்த கன்றுப் பசு, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், ஈரத்தில் கெட்டுப்போன தீவனப்புல். அகப்பட்டது கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர். கெட்ட புல்லில் ரத்தத்தை உறைய விடாத பொருள் எது என்று கண்டுபிடிக்க அவர் குழுவுக்கு ஆறு வருஷம் ஆனது. அதன் வழிவந்த சேர்மங்களில் ஒன்று 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. பெயர் வார்ஃபரின். ஆமாம், பிற்பாடு இதய நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதேதான்.

வார்ஃபரின் எலியின் சந்தேக புத்தியை மொத்தமாக ஏமாற்றியது. தின்றவுடன் ஒன்றும் ஆகாது. நாலைந்து நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். எந்தச் சாப்பாட்டால் என்று எலிக்குத் தெரியவே தெரியாது. ஆகவே முன்னோட்டமாக வெறும் கோதுமை வேண்டாம், தராசு வேண்டாம், பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசக்கூட வேண்டாம். கடையில் ஒரு பாக்கெட் வாங்கி ஷெட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஊரே கூடி ஒரே நாளில் செய்ய வேண்டியிருந்த வேலை, தனி ஆளின் பாக்கெட் சமாச்சாரமாகிவிட்டது. என் கணக்கில் அலாட்மென்ட் எலி சரித்திரத்தின் பெரிய திருப்பம் இதுதான், நல்ல திருப்பமும் இல்லை.

பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 1958-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் வார்ஃபரினைச் சாப்பிட்டுவிட்டு எலிகள் ஜம்மென்று திரிந்தன. 1960-ல் வேல்ஸ் எல்லையில் மான்ட்கோமரி பக்கம் அதே கதை. அமைச்சகம் அந்த வட்டாரத்தைச் சுற்றி வளையம் கட்டித் தடுக்கப் பார்த்தது. எலி வருஷத்துக்கு மூன்று மைல் வேகத்தில் வளையத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இதற்குக் காரணமான மரபணுவை 2004-ல்தான் அடையாளம் கண்டார்கள். வேல்ஸ் எலிகளுக்கு இந்தச் சக்தி சும்மா வரவில்லை. மற்ற எலிகளைவிட அவற்றுக்கு வைட்டமின் கே பல மடங்கு அதிகம் வேண்டும். மருந்து வைக்காத ஊரில் அது நஷ்டம்தான். நாம்தான் விடாமல் வைத்து, அதை லாபமாக்கிக் கொடுத்தோம்.

1970-களில் இன்னும் வீரியமான இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. அவை எலியின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். அந்த எலியை ஆந்தை தின்னும். பிரிட்டனில் செத்துக்கிடந்த கூகை ஆந்தைகளைச் சோதித்தால் பத்தில் எட்டுக்கும் மேல் ஈரலில் இந்த மருந்து இருக்கிறது. இன்னொரு பக்கம், ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்த எலிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் எதிர்ப்பு மரபணு. ஆந்தைக்குப் போகிறது விஷம், எலிக்குப் போகவில்லை.

கடைசியில் 2024 ஜூலையில் விதியை மாற்றினார்கள். அதுவரை கட்டிடம் இல்லாத திறந்த வெளியில் வைக்க அனுமதித்திருந்த இரண்டாம் தலைமுறை மருந்துகளுக்கும் அந்த அனுமதி போனது. கையிருப்பைத் தீர்க்க அந்த வருஷக் கடைசி வரை அவகாசம். அலாட்மென்ட் திறந்த வெளி இல்லாமல் வேறென்ன?

எங்கள் தோட்டச் சங்கக் கூட்டத்தில் இது பெரிய சண்டையாகப் போனது. நாற்பது வருஷமாகத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "நீல மருந்து இல்லாமல் என் சோளத்தை நீங்களா காவல் காப்பீர்கள்?" என்று எழுந்து நின்று கேட்டார். நியாயமான கேள்விதான், போன வருஷம் அவருக்கு ஒரு கதிர் மிஞ்சவில்லை. கோழி வளர்ப்பவர்கள் மேல் எல்லோர் கண்ணும் போக, அவர்கள் 1950 சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். நான் சிட்டி கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கோதுமை வைத்து எண்ணுவதா, எலிக்கு விருந்தா என்று சிரித்தார்கள். ஆனாலும் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரருக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டிலிருந்து சமையல் தராசு கொண்டுவந்தார். நாலு மூலையில் நாலு பெட்டி, தினம் காலை ஏழு மணிக்கு நிறுத்து நோட்டில் எழுதுகிறார்.

முதல் வாரத்துச் சிகரத்தைக் குறித்துக்கொண்டு பெட்டிகளை எடுத்துவிட்டோம். கோழிக்காரர்கள் இருட்டும் முன் தீவனத்தைத் தகரப் பீப்பாயில் பூட்டி வைக்க ஒத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி பெட்டி வைத்து நிறுத்ததில் சிகரம் பாதிக்கும் கீழே. இப்போது கம்போஸ்ட் தொட்டிகளுக்கு அடியில் கம்பி வலை போடும் வேலை நடக்கிறது. 60 தோட்டத்தில் 22 முடிந்திருக்கிறது. பெரியவருடையது 23-ஆவது. வலையை அவரே வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், எங்களுக்கு நேராக வெட்டத் தெரியவில்லையாம்.